கழுத்து முள்

தை மாதக் கடைசி வியாழக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, கூட்டுறவுக் காலனி ஒன்றாம் நம்பர் வீட்டில் தையல் மெஷினை நகர்த்திவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்த மெஹருன்னிசா, தரைக்கல் ஓரிடத்தில் சோப்புக்கட்டி அளவுக்குப் புடைத்திருப்பதையும், புடைப்பின் இரண்டு பக்கமும் வரிசையாக முட்கள் நிற்பதையும், நேற்று அது அங்கே இல்லை என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவனித்தாள். கவனித்துவிட்டு, விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டினாள், போகவில்லை என்றதும் அதைச் சுற்றிப் பெருக்கி முடித்து, முகூர்த்தத்துக்குக் கொடுக்கவேண்டிய ஜாக்கெட்டுகளைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தபோது அது ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. போன வழியில் கல் பிளக்கவில்லை, கீறவில்லை. ஆமை போன பிறகு குளத்துத் தண்ணீர் மூடிக்கொள்வது போல மூடிக்கொண்டிருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் பளபளப்பாக.

எங்கள் காலனி திருச்சியில் பொன்மலைப் பக்கம் இருக்கிறது. பதினோரு வீடுகள், ஒரே வரிசை, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். முப்பது வருடத்துக்கு முன்னால் சங்கம் இதைக் கட்டியபோது, லாரியில் வந்த கடப்பாக் கல்லை நீளத்துக்கும் ஒரேயடியாகப் பாவிவிட்டு, அதன் மேல்தான் குறுக்குச் சுவர்களை எழுப்பினார்கள். அதனால் ஒன்றாம் நம்பர் கூடத்தில் தொடங்கும் தரை பதினோராம் நம்பர் சமையலறையில்தான் முடிகிறது. இந்த விஷயம் அதுவரை எங்களுக்கு ஒரே ஒரு வகையில்தான் பயன்பட்டது, யார் வீட்டில் கிரைண்டர் ஓடினாலும் எல்லாருடைய பாதத்துக்கும் தெரிந்துவிடும். நான் பத்தாம் நம்பர். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்கிறவள், யார் எந்த விஷயத்தை எந்த முகத்தோடு கொண்டுவருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள், அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

மறுநாள் மெஹருன்னிசா நேரே பதினோராம் நம்பருக்குப் போய் ஜெயக்கொடியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜெயக்கொடிக்கு வேலையே அதுதான். கல்லூரியில் நிலவியல் துறை மியூசியத்தில், பாறைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிற பழைய பிராணிகளை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து பெட்டியில் வைப்பது. பதினாலு வருடமாகத் தற்காலிக ஊழியர். அவள் முட்டி போட்டுக் குனிந்து, பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"என்னடி இது?" என்றாள் மெஹருன்னிசா.

"ட்ரைலோபைட்டு. கடல்ல இருந்தது. அழிஞ்சு இருபத்தஞ்சு கோடி வருஷம் ஆச்சு."

"அழிஞ்ச மாதிரி தெரியலையே. காலைலேர்ந்து மெஷினுக்கு அடியிலயே சுத்திட்டு இருக்கு."

"ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க அக்கா, வெந்துடும். கட்டிலை இழுக்காதீங்க. வெறுங்காலோட மிதிச்சுடாதீங்க, முள்ளு உடையும்."

"என் காலு?"

"காலு ஆறிடும்," என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி போய்விட்டாள்.

இந்த மூன்றும் காலனியின் சட்டமாகிவிட்டன. சங்கத்துச் செயலாளர் சபேசன், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுதி ஒட்டாவிட்டால் அது நடக்கவில்லை என்று நினைக்கிறவர், அதை மூன்று வரியாக எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டினார். அந்தப் பிராணி நாளைக்கு ஒரு தரைக்கல் தூரம் நடந்தது, வாரத்துக்கு ஒரு வீடு தாண்டியது, சுவருக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் தலையை நீட்டியது. வெள்ளிக்கிழமை அது எந்த வீட்டுக்கு வரும் என்று சபேசன் போட்ட பட்டியல் ஏழாம் நம்பரைத் தவிர எங்கும் தவறவில்லை. அது வருகிற வீட்டுக்காரர்கள் முதல்நாளே கட்டிலைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள், கேஸ் சிலிண்டரை உருட்டாமல் இரண்டு பேராகத் தூக்கினார்கள், தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் அதன்மேல் காய்கறிக்கூடையைக் கவிழ்த்து வைத்து, கூடை தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே சோறு ஊட்டினார்கள். மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து காலில் குத்து வாங்கி, அடுத்த தடவையிலிருந்து எங்கள் வரிசைக்கு மட்டும் செருப்போடு வந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது என்ன தின்கிறது என்பதில் இரண்டாம் நம்பரில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சைவம் என்று ஒரு கட்சி, கடலில் இருந்தது எப்படி சைவமாகும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் அது கல்லில் ஊறிய அழுக்கைத் தின்கிறது என்று முடிவாயிற்று, ஏனென்றால் அது போன வழியெல்லாம் முப்பது வருட எண்ணெய்ப்பிசுக்கு போய்க் கல் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு, எங்கள் கூடத்தில் நேராகப் போகாமல் கொஞ்சம் வளைந்து போனால் நன்றாயிருக்கும் என்று ஆளுக்கு ஆள் வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

மெஹருன்னிசாதான் அதற்கு அளவெடுத்தவள். வாடிக்கையாளர்களுக்கு இருக்கிற மாதிரியே அவளுடைய தையல் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உயரம், தோள், கழுத்து என்று டேப்பால் அளந்து எழுதினாள். கழுத்து என்ற இடத்தில் முதல் மூன்று வாரமும் ஒன்றும் எழுதவில்லை. அங்கே வழவழவென்று மொட்டையாக இருந்தது.

மூன்றாம் வாரம், அது மூன்றாம் நம்பரில் இருந்தபோது, ஜெயக்கொடியின் துறைத் தலைவர் பேராசிரியர் சுந்தரவரதன் வந்தார். ஜெயக்கொடி அவரிடம் சொல்லவில்லை. சபேசன்தான் காலனி லெட்டர்பேடில் எழுதிப் போட்டிருந்தார். பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். அந்த வயதில் அப்படிப் படுத்தவரை எழுப்புவது எப்படி என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்து, "பத்மா" என்றார்.

பத்மாசனி அவருடைய மனைவி. இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினார். நீளவாக்கில் மூன்று பாகம், அதனால்தான் அந்தப் பெயர். குறுக்குவாக்கில் பார்த்தாலும் மூன்று, தலை, உடம்பு, வால். கண் இருக்கிறதே, அது நம்முடையதைப் போலச் சதை இல்லை, சுண்ணாம்புக்கல்லின் பளிங்கு. கல்லாலேயே பார்த்த பிராணி. இதில் ஆயிரக்கணக்கான இனம் உண்டு. விலா எத்தனை, கன்னத்தில் தையல் எங்கே ஓடுகிறது, முள் எத்தனை, எந்த இடத்தில் என்று எண்ணித்தான் இது இன்னது என்று பிரிப்பது. இதே இனத்தின் ஒரே ஒரு கல், இமயமலையிலிருந்து அவர் கொண்டுவந்தது, மியூசியத்தில் இருக்கிறது. புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்லி அதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான். பெயரின் இரண்டாம் பாதி, பத்மாசனி.

"வேற யாரும் இதுக்கு முன்னாடி பேர் வைக்கலையா சார்?" என்று கேட்டார் சபேசன். விதிமுறை என்றால் அவருக்கு உயிர்.

"கிட்டத்தட்ட இதே மாதிரி ஒண்ணுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் வச்சிருக்கார். எல்லாம் இதேதான். ஆனா அதுக்குக் கழுத்துல ஒரு முள் நட்டமா நிக்கும். இதுக்கு இல்லை, பார்த்தேளா, மழமழன்னு இருக்கு. அந்த ஒரு முள்தான் வித்தியாசம். அது மட்டும் இருந்ததுன்னா ரெண்டும் ஒரே இனம் ஆயிடும். முதல்ல வச்ச பேர்தான் செல்லும், அடுத்து வச்சது விழுந்துடும். அதுதான் சட்டம்."

"நியாயமான சட்டம்," என்றார் சபேசன்.

பேராசிரியருக்கு மறுவாரம் கண்புரை ஆபரேஷன். ஒரு கண் முடிந்து இன்னொரு கண், மொத்தம் இரண்டு மாதம் குனியக் கூடாது. சித்திரையில் வந்து பார்க்கிறேன், அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் எல்லாரையும் கும்பிட்டார். போகும்போது ஜெயக்கொடியின் தலையில் கைவைத்து, அவர் ஓய்வு பெறுவதற்குள் அவளை நிரந்தரமாக்கிவிடுவதாகவும், அதற்கான கடிதத்தைப் பாதி எழுதிவிட்டதாகவும், பதினாலு வருடத்தில் இவள் கையில் ஒரு கல்கூடச் சேதமானதில்லை என்று அதில் எழுதியிருப்பதாகவும் சொன்னார். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஜெயக்கொடி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். எங்களைப் போல முட்டாள்கள் கிடையாது.

நடந்தது என்ன என்று அவள் என்னிடம் பின்னால் சொன்னாள். கல்லிலிருந்து ஒரு பிராணியை எடுப்பது எப்படியென்றால், நுண்ணோக்கிக்கு அடியில் கல்லை வைத்து, காற்றழுத்தத்தில் கொசு மாதிரி இரைந்து துடிக்கும் ஓர் ஊசிப் பேனாவால், சுற்றியிருக்கும் பாறையைப் பொடிப்பொடியாக உதிர்ப்பது. ஓட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு மாவு மாதிரி ஒரு தூளைக் காற்றில் அடித்து மீதியைத் துடைப்பது. ஒரு கல்லுக்கு நாலு மாதம், ஆறு மாதம்கூட ஆகும். இதில் முள்தான் ஆபத்து. படுத்திருக்கிற முள் கோடாகத் தெரியும், ஆனால் நட்டமாக நிற்கிற முள் மேலேயிருந்து பார்க்கும்போது ஒரு கரும்புள்ளியாக மட்டும் தெரியும். பாறையில் எங்காவது ஒரு கரும்புள்ளியைப் பார்த்தால் கையை நிறுத்து, அதைச் சுற்றிக்கொண்டு இறங்கு, அதன் மேல் ஏறாதே. அந்த வேலையில் சேருகிற யாருக்கும் முதல்நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், மனைவி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருக்கும்போது, பேராசிரியர் ஆய்வகத்துக்கு வந்து, "இன்னிக்கே முடிச்சுடுவியாம்மா? அவ கையில ஒரு தடவை குடுத்துடணும்," என்று கேட்டார். இன்னும் மூன்று வார வேலை இருந்தது. ஜெயக்கொடி முடிக்கிறேன் சார் என்றாள். கழுத்துக்கு மேலே ஒரு கரும்புள்ளி தெரிந்தது. ஏதோ மணல் துணுக்கு என்று நினைத்தாள், அல்லது அப்படி நினைக்க விரும்பினாள், ஏறிப் போய்விட்டாள். அடியில் வந்து சேர்ந்தபோது கழுத்தில் ஒரு வட்டமான முறிவு இருந்தது. அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். அவள் அந்த முறிவைத் தூள் அடித்து, அடித்து, வழவழவென்று ஆக்கினாள். அன்று சாயங்காலம் அந்த அம்மாள் கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "என்னைப் போயும் போயும் இந்த முள்ளுப் பூச்சியாக்கறேளே," என்று கணவரைப் பார்த்துச் சிரித்தாராம். நாலு நாளில் போய்விட்டார். உடைத்ததை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன் அக்கா, தேய்த்ததைத்தான் சொல்ல முடியவில்லை என்றாள் ஜெயக்கொடி.

நான்காம் நம்பருக்கு வந்தபோது மெஹருன்னிசா டேப்போடு போய் அளந்துவிட்டு, "கழுத்துல முளை விட்டிருக்குடி, அரை நூல்," என்றாள். ஐந்தாம் நம்பரில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். ஆறாம் நம்பரில் இரண்டு நூல். பேராசிரியர் சொன்ன முள் இதுதான் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காலனியில் எல்லாருக்கும் மகிழ்ச்சி, குழந்தைக்குப் பல் முளைத்த மாதிரி பேசிக்கொண்டார்கள், நல்ல தரையில் நடந்தால் நல்ல வளர்ச்சி என்று ஆறாம் நம்பர்க்காரர் தன் கூடத்தைப் பற்றிப் பெருமை பேசினார். ஜெயக்கொடி மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போகும்போது மெஹருன்னிசாவின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் போவாள். அது ஒவ்வொரு வீடாக அவள் தேய்த்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பதினோராம் வாரம் முழு முள்ளோடு அவள் சமையலறையில் நிற்கும், அதே வாரம் பேராசிரியர் குனிந்து பார்க்க வருவார்.

ஏழாம் நம்பரில் சிக்கல் வந்தது. ஏழாம் நம்பர் கோவர்த்தனன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், இரண்டு வருடத்துக்கு முன் பழைய கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டிருந்தார். அது ஆறாம் நம்பர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நாலு நாள் அப்படியே நின்றது. ஜெயக்கொடி அந்த நாலு நாளும் நன்றாகத் தூங்கினாளாம். ஆனால் கோவர்த்தனனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஊரெல்லாம் போகிறது, நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று அவருடைய மனைவி அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபேசன் கூட்டம் போட்டார். கல்லோடு அறுத்துத் தூக்கி எட்டாம் நம்பரில் வைத்துவிடலாம் என்றார் ஒருவர். அது தானாக நடந்து வருகிறது, நாம் தூக்கினால் தப்பு என்று சபேசன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு கடப்பாக் கல் கொடுப்பது, கோவர்த்தனன் வீட்டு டைல்ஸுக்கு மேலேயே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை பாதை போடுவது, கல்லும் கல்லும் இடைவெளியில்லாமல் தொட்டுக்கொண்டிருக்க வெள்ளை சிமெண்டு பூசுவது என்று முடிவாயிற்று.

"எதுக்கு? அது போற வரைக்கும் போகட்டும். ஆறோட நிக்கணும்னா நிக்கட்டும்," என்று எழுந்து சொன்னவள் ஜெயக்கொடி ஒருத்திதான்.

"உன் வீட்டுக்கும் வரவேண்டாமா?"

"வேண்டாம்."

பூச்சிகளோடேயே வேலை பார்ப்பதால் இளக்காரம், வேறென்ன என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். நானும் முணுமுணுத்தேன், சொல்லாமல் என்ன. அன்று சாயங்காலமே அலமாரித் தட்டிலிருந்தும் பரணிலிருந்தும் துணி துவைக்கிற இடத்திலிருந்தும் கற்கள் வந்து குவிந்தன. பாதையின் கடைசிக் கல், எட்டாம் நம்பர் சுவரைத் தொடுகிற கல், ஜெயக்கொடி வீட்டுக் குளியலறைத் தட்டு. அவள் கணவன் வைரப்பன், ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், ஊர் விஷயம் என்றால் முதல் ஆளாக நிற்கிறவன், மனைவி அப்படிப் பேசிவிட்டாளே என்ற கூச்சத்தில் அவனே பெயர்த்து, தோளில் தூக்கி வந்து, அவனே பூசிவிட்டான். சிமெண்டு காய்ந்ததும் அது பாதையில் ஏறியது. விட்ட நாலு நாளையும் சேர்த்து இரட்டை நடையாக நடந்து, வெள்ளிக்கிழமை எட்டாம் நம்பருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. கோவர்த்தனன் மனைவி அவரிடம் பேசினாள்.

அன்றைக்குத்தான் ஜெயக்கொடி வைரப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "ஒரு முள்ளுதானே? நம்ம வீட்டுக்கு வரட்டும். அன்னிக்குத் தேய்ச்ச கை இன்னிக்கும் தேய்ச்சுட்டுப் போவுது," என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. பதினாலு வருடமாக அவள் ஒவ்வொரு மார்ச் மாதமும் அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்று பயந்து பயந்து இளைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். பேனாவுக்குக் காற்றுக் கொடுக்க அவனே ஒரு சிறிய கம்ப்ரஸரை இரவல் வாங்கிவந்து சமையலறையில் வைத்தான். அவள் ஆய்வகத்திலிருந்து பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அது பதினோராம் வாரம் வெள்ளிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குள் வந்து, ஒரு வாரம் நடந்து, மறு சனிக்கிழமை மத்தியானம் சமையல் மேடைக்குக் கீழே, தரை முடிகிற இடத்தில், தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. மறுநாள் காலை பேராசிரியர் வருகிறார். வைரப்பன் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான், அவனுக்குப் பார்க்க மனசில்லை. சத்தம் கேட்டு நான் போய் வாசற்படியில் நின்றேன். ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள், போகச் சொல்லவில்லை. தரையில் படுத்து, லென்ஸை மாட்டிக்கொண்டு, பேனாவைக் கையில் பிடித்து, முள்ளுக்கு நேராகக் கொண்டுபோனாள். ஒரு நொடியில் முடிகிற வேலை. அதைத் தேய்த்தால் அவளுக்கு வேலை நிரந்தரம், பேராசிரியருக்கு மனைவியின் பெயர் நிரந்தரம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, காலனியில் கேட்டால் யார் காலோ பட்டு உடைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் அதுவரை அந்த முள்ளைப் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் பார்த்தது ஒரு புள்ளி, பிறகு ஒரு முறிவு. இப்போது அது ஒரு விரல்கணு உயரம் நின்றது. மேலே போகப்போகச் சன்னமாகி, பின்பக்கமாக லேசாக வளைந்து, அடியிலிருந்து நுனிவரை கடுகைவிடச் சிறிய பருக்கள் வரிசை வரிசையாக. "அழகா இருக்கு அக்கா," என்றாள் என்னைப் பார்க்காமல். பிறகு பேனாவைக் கல்லில் வைத்தாள். இரைச்சல் மாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முள் இருந்தது. முள்ளின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கல்லை அவள் கை உதிர்த்துக்கொண்டிருந்தது, சுற்றிச் சுற்றி, ஒரு மயிரிழை தள்ளி, மேலே ஏறாமல். தேய்க்கத்தான் வைத்தேன், கை சுற்றிக்கொண்டு போய்விட்டது என்று அவள் பிற்பாடு சொன்னாள். நாலு மணி நேரம் அப்படியே செய்தாள். அது நகரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்ரஸரை நிறுத்தியபோது முள் வேரோடு துலக்கமாக நின்றது, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பேராசிரியர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பதினோராம் நம்பர் கூடம் முழுக்க ஆள். அது கடைசி வீடு என்பதால் சபேசன் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார், மெஹருன்னிசா நோட்டோடு வந்திருந்தாள். நான் அவருக்குக் காபி கொண்டுவந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் குனிவதற்கு முன்னால் ஜெயக்கொடி குறுக்கே வந்து நின்றாள்.

"சார், நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். இதுக்குக் கழுத்துல முள்ளு இருக்கு. மியூசியத்துல இருக்கிற கல்லுலயும் இருந்துச்சு. நான்தான் உடைச்சேன். உடைச்சுட்டுத் தேய்ச்சுட்டேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாக உட்கார்ந்து, குனிந்து, பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். புதுக் கண், எல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

"பழைய இனம்தான்," என்றார்.

"ஆமா சார்."

"பத்மா பேர் விழுந்துடும்."

"ஆமா சார்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்று அவர் கத்தினார். அவர் கத்தி நாங்கள் பார்த்ததில்லை, துறையிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "பன்னெண்டு வருஷம்! தினமும் என் எதிர்லதானே உட்கார்ந்திருந்தே? ஏன் சொல்லலை?"

"அன்னிக்கு அது மேடம் மடியில இருந்துச்சு சார். அதுக்கப்புறம் சொல்றதுக்கு எனக்கு ஒரு நாள் கிடைக்கலை."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். அவளை நிரந்தரமாக்கச் சொல்லும் கடிதம், கையெழுத்துப் போட்டு முடித்தது. "இதுல ஒரு வரி பொய்," என்றார். "அந்த வரியை எடுத்துட்டா இந்தக் கடுதாசிக்கு அர்த்தமே இல்லை."

"தெரியும் சார். அனுப்பாதீங்க."

வைரப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பேராசிரியர் கடிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, என்னிடம் பேனா கேட்டார். தபால் ஆபீஸ்காரியிடம் எப்போதும் பேனா இருக்கும். அவர் கல்தரையிலேயே தாளை வைத்துக்கொண்டு, திருத்தக் குறிப்பை அங்கேயே எழுதத் தொடங்கினார், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விவரித்த இனம் செல்லாது. பத்மாசனி என்ற பெயரைத் திரும்பப் பெறுகிறேன். அந்த மாதிரியின் கழுத்து முள், கல்லிலிருந்து எடுக்கும்போது அகற்றப்பட்டது. அதை அகற்றியவர்—

அங்கே பேனா நின்றது. அவர் இதுவரை நாற்பது கட்டுரை எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் கடைசி வரி ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி என்று இருக்கும். எந்தக் கல்லை யார் எடுத்தது என்று எதிலும் இருக்காது, அப்படி எழுதுகிற வழக்கம் கிடையாது.

"போடட்டுமா?" என்றார்.

"போடுங்க சார்."

"உன் இனிஷியல் என்ன?"

"மு," என்றாள். "மு. ஜெயக்கொடி."

அவர் எழுதினார்.